ழாந்தோவா, ஜெனாட்ஸியா? 1899-ல் பேட்டரியில் பறந்த இரண்டு கார்கள்

மின்சார கார் என்பது நேற்று வந்த சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மணிக்கு 100 கிலோமீட்டரை முதன்முதலில் தாண்டிய கார் பேட்டரியில் ஓடியதுதான். வருடம் 1899.

பாரிஸுக்குப் பக்கத்தில் அஷேர் என்ற இடத்தில் நேரான சாலை ஒன்று. அதில் நாலு மாதத்துக்கு மேல் நடந்தது, யார் கார் அதிக வேகம் என்ற சுத்த வீம்பு. ஒரு பக்கம் ழாந்தோ தயாரித்த கார், ஓட்டியவர் ஷாஸ்லூ-லோபா என்ற பிரபு. எதிர்ப்பக்கம் பெல்ஜியத்து இன்ஜினியர் கமீய் ஜெனாட்ஸி. சிவப்புத் தாடியைப் பார்த்து 'செம்பிசாசு' என்றே பேர் வைத்துவிட்டார்கள். ழாந்தோவும் சரி, ஜெனாட்ஸியும் சரி, மின்சார வண்டி செய்து விற்கிற ஆட்கள். அதனால் இது விளம்பரச் சண்டையும்கூட.

1898 டிசம்பர் 18-ல் ஷாஸ்லூ-லோபா ஒரு கிலோமீட்டரை 57 நொடியில் கடந்தார், அதாவது மணிக்கு 63.15 கிலோமீட்டர். ஜெனாட்ஸி சவால் விட்டு ஜனவரி 17-ல் வந்து 66.66 போட்டார். அந்தச் சந்தோஷம் அன்றைக்குச் சாயந்திரம்வரைகூட நிலைக்கவில்லை, அதே நாளில் எதிராளி மோட்டார் கருகக் கருக ஓட்டி 70.31-க்குப் போய்விட்டார். பத்து நாள் கழித்து ஜெனாட்ஸி 80.35. மார்ச் 4-ல் ஷாஸ்லூ-லோபா 92.78. கடைசியில் ஏப்ரல் 29-ல் ஜெனாட்ஸி புதுக் கார் ஒன்றைக் கொண்டுவந்து 34 நொடியில் முடித்தார்: 105.88.

அந்தப் புதுக் காரின் பேர் லா ஜமே கோந்தோந்த், 'ஒருநாளும் திருப்தியடையாதவள்' என்று அர்த்தம். எல்லோரும் புகழ்வது அதன் வடிவத்தைத்தான். பார்டினியம் என்ற அலுமினியக் கலவைத் தகட்டில் செய்த டார்பிடோ மாதிரியான உடம்பு, இரண்டு முனையும் கூர். சரி, அழகுதான். ஆனால் பக்கவாட்டுப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: டார்பிடோவுக்கு மேலே ஓட்டுநர் மார்பு வரைக்கும் வெளியே தெரிய, ஏதோ குதிரைவண்டிப் பெட்டியில் உட்கார்ந்திருப்பவர் போல உட்கார்ந்திருக்கிறார், கீழே சக்கரங்களும் அச்சும் அப்படியே காற்றுக்குக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. காற்றின் தடையில் உடம்பு மிச்சம் பிடித்ததை ஆளும் சக்கரமும் செலவழித்துவிட்டன!

என்னைக் கேட்டால் அந்த காரின் சரக்கு உள்ளேதான் இருந்தது. ழாந்தோவில் மோட்டாரின் சுழற்சி சங்கிலி வழியாகச் சக்கரத்துக்குப் போகும். ஜெனாட்ஸி சங்கிலியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆளுக்கு 25 கிலோவாட் உள்ள இரண்டு மோட்டார்களை நேரடியாகப் பின்சக்கரங்களோடு இணைத்தார். நடுவில் விரயமில்லை, அறுந்துபோக ஒன்றுமில்லை. கூடவே ஃபுல்மென் கம்பெனி பேட்டரிகளை அடுக்கினார், கார் ஏறக்குறைய ஒன்றரை டன் கனத்தது. ஒரே ஒரு கிலோமீட்டர் சீறிப் பாய அது போதும், ஊர் சுற்ற உதவாது.

ழாந்தோ பக்கம் வேறு மாதிரி. சாதனைக்கென்றே பிறந்த வண்டி இல்லை அது. சாலையில் ஓடுகிற வண்டியை எடுத்து, காற்றைக் கிழிக்கிற மாதிரி உடம்பு மாட்டி, இரண்டரை மாதத்துக்குள் 63-லிருந்து 92-க்குக் கொண்டுபோனார்கள். 105 என்ற எண்ணுக்குப் பின்னால் இந்த வேலை மறைந்துபோனது எனக்கு வருத்தம்தான்.

மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தே ஆகவேண்டும், அமெரிக்காவின் வால்டர் பேக்கர் 1902-ல் செய்த 'டார்பிடோ' என்ற மின்சார கார். ஜெனாட்ஸி விட்ட ஓட்டையை அடைத்தவர் இவர்: ஆளையும் உடம்புக்குள்ளேயே உட்காரவைத்து, வாரால் கட்டியும் வைத்தார். ஸ்டேட்டன் தீவில் ஓடும்போது கட்டுப்பாடு இழந்து கூட்டத்துக்குள் பாய்ந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் செத்தார்கள், கட்டியிருந்தவர்கள் பிழைத்தார்கள். சாதனைப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

அதற்கு ஒன்றரை மாதம் முன்பே நீஸ் நகரில் லியோன் செர்போலே ஒரு நீராவி காரில் 120.80 போட்டு, மின்சாரத்தின் ஆட்டத்தை முடித்துவைத்திருந்தார்.

வேகத்துக்கு ஜெனாட்ஸி, யோசனைக்கு பேக்கர், கைவேலைக்கு ழாந்தோ. ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் ழாந்தோவை எடுப்பேன், திட்டுவதானால் திட்டுங்கள். லா ஜமே கோந்தோந்த் இப்போது பிரான்ஸின் கொம்பியேன் கார் மியூசியத்தில் இருக்கிறது. போகிறவர்கள் முன்னால் நின்று செல்ஃபி எடுத்ததும், பக்கத்தில் போய்க் குனிந்து அந்தப் பின்சக்கர அச்சையும் பாருங்கள்.