கள ஆய்வுக்கு எது: செயல்பாட்டுக் கோட்பாடா, முரண்பாட்டுக் கோட்பாடா?

வேலூர்ப் பக்கம் சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகள் ப்ராஜெக்ட் நேரத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தவிக்கிறார்கள். நம்மூர் விஷயங்களிலேயே உரசிப் பார்த்துவிடலாம்.

அடிப்படைக் கேள்வி
செயல்பாடு: இந்த வழக்கம் சமூகத்தைச் சேர்த்துப் பிடிக்க என்ன செய்கிறது?
முரண்பாடு: இதனால் யாருக்கு லாபம், யார் தலையில் சுமை?

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா
செயல்பாடு: இங்கே நன்றாகவே பேசும். வைகாசி முதல் நாள் அம்மனின் சிரசு (தலை) ஊர்வலம் வரும் வழியெல்லாம் தேங்காய் உடைகிறது. நேர்த்திக்கடன் வெளிப்படையான பணி, அதாவது எல்லோரும் அறிந்த நோக்கம். வெளியூரில் பிழைப்பவர்கள் வந்து உறவைப் புதுப்பித்துக்கொள்வது மறைமுகப் பணி, அதாவது யாரும் திட்டமிடாமல் கிடைக்கும் பலன். இந்தப் பிரிவை 1949இல் தெளிவாக வகுத்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன்.
முரண்பாடு: திருவிழாக்களில் முதல் மரியாதை யாருக்கு என்று கேட்கும்.

பாலாறும் தோல் தொழிற்சாலைகளும்
செயல்பாடு: வேலை, ஏற்றுமதி, ஊர்ப் பிழைப்பு என்று விளக்கும். ஆலைக் கழிவால் கெட்டுப்போன கிணற்றை எதிர்விளைவு (சமூகத்துக்குக் கேடான விளைவு) என்று குறிக்கவும் மெர்ட்டன் இடம் தருகிறார். எனக்கு அது போதவில்லை.
முரண்பாடு: ஆலையின் கழிவுக்கு விவசாயி ஏன் விலை கொடுத்தார்? வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அதிகாரத்தைத் தொடாமல் இந்தக் கதையை எழுதவே முடியாது.

எளிமை
செயல்பாடு: தொடங்க எளிது, மாற்றத்தை விளக்கத் திணறும்.
முரண்பாடு: தரவு திரட்டுவது சிரமம், ஆலைக்காரர் வாய் திறக்கமாட்டார்.

திருவிழா, சடங்கு, கூட்டுக்குடும்பம் என்றால் செயல்பாட்டை எடுங்கள். தோல், பீடி, தண்ணீர் என்றால் தயங்காமல் முரண்பாடு.