மாத லாபக் கணக்குச் சேவை: ஓராண்டு பயன்படுத்திய பிறகு

கல்லிடைக்குறிச்சியில் சிறிய அளவில் அப்பளத் தொழில் நடத்திவருகிறேன். விற்பனையில் குறையில்லை; ஆனாலும் உளுந்து மூட்டைக்குப் பணம் கட்டும் நாளில் கல்லா காலியாகவே இருந்தது. அதனால்தான் பாளையங்கோட்டையிலுள்ள ஒரு கணக்கு அலுவலகத்தின் லாபத் திட்டச் சேவையில், மாதம் 2,500 ரூபாய் கட்டணத்தில், சென்ற ஆண்டு சேர்ந்தேன்.

அவர்கள் முதலில் செலவை இரண்டாகப் பிரித்தார்கள். மாவு, அப்பளக்காரம், உப்பு, தேய்ப்புக் கூலி, உறை ஆகியவை போடும் அப்பளத்தோடு ஏறி இறங்குபவை. வாடகை, வண்டி, ஆள் சம்பளம் போன்றவை அப்பளம் போட்டாலும் போடாவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டியவை. எனக்கும் ஒரு மாதச் சம்பளத்தை இரண்டாவது பட்டியலில் எழுதச் சொன்னார்கள். கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுத்ததையெல்லாம் லாபம் என்று எண்ணிவந்தவனுக்கு அது கசப்பாகத்தான் இருந்தது. மொத்த விலையில் கிலோ 240 ரூபாய்க்குக் கொடுத்தால், முதல் பட்டியல் செலவு போக 50 ரூபாய் மிஞ்சுகிறது. இரண்டாவது பட்டியலின் நிலையான செலவு, அவர்களுடைய கட்டணமும் சேர்த்து, மாதம் 45,000 ரூபாய். ஆக 900 கிலோ விற்ற பிறகே லாபம் தொடங்குகிறது. உளுந்து விலையேற்றத்தால் கிலோவுக்கு 8 ரூபாய் செலவு கூடினால், அந்த 900 கிலோ 1,070-ஐத் தாண்டிவிடுகிறது என்பதைக் கண்ட பிறகுதான், விலையை உயர்த்தத் தயங்கிய ஒவ்வொரு வாரமும் எனக்கு எவ்வளவு நட்டம் என்பது புரிந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காயப்போட வெயில் கிடைக்காமல் 600 கிலோ போடுவதே பெரும்பாடு. மாதம் 15,000 ரூபாய் துண்டு விழும். அந்த இரண்டு மாதத்துக்கான 30,000 ரூபாயைப் பங்குனி, சித்திரையிலேயே தனிக் கணக்கில் ஒதுக்க வைத்தது இந்தச் சேவையின் மிகச் சிறந்த பயன்.

குறைகளும் உண்டு. அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது; வரியில்லாச் சரக்கை விற்பவர், உறை வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது என்பதால் அதுவும் செலவுதான். முதல் இரண்டு மாத அறிக்கையிலும் உறை விலையை வரி நீக்கியே எழுதியிருந்தார்கள். கணக்கு அலுவலகம் செய்யக்கூடிய பிழையா இது? நான் சுட்டிக்காட்டிய பிறகு திருத்தினார்கள். அதேபோல, அறிக்கையில் லாபம் என்று நின்ற தொகையில் பெரும்பகுதி தென்காசி, நாகர்கோவில் கடைகளில் கடனாக நின்றது; நிலுவையை 30 நாள், 60 நாள் என்று பிரித்துத் தரும்படி நானே கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

வீடுகளில் தேய்க்கும் பெண்களுக்குக் கொடுத்த மாவின் எடை, காய்ந்து திரும்பிய அப்பளத்தின் எடை, உடைசல் என்று தினமும் எழுதும் நோட்டு அவர்களுடைய திட்டத்தில் இல்லை. அது நான் தொடங்கியது; இப்போது அவர்களும் மாத அறிக்கையில் உடைசலுக்கு ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டுக்கும் பணம் கட்டிவிட்டேன்.