பதினொரு பேருக்கும் 120/80: பள்ளி மாணவர்களுக்கான ‘மருத்துவப் பயிற்சி’யில் நாங்கள் ஏமாந்தது

என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். மருத்துவராக வேண்டும் என்பது ஆறாம் வகுப்பிலிருந்தே அவளுடைய பேச்சு. சென்ற விடுமுறையில் ‘பள்ளி மாணவர்களுக்கான மருத்துவமனைப் பயிற்சி’ என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தில் இரண்டு வாரத்துக்கு அவளைச் சேர்த்தேன். பணம் போனது. அது ஆறிவிடும். அவள் கையால் நடந்த ஒரு காரியம்தான் இன்னும் ஆறவில்லை.

நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். பெயரைச் சொன்னால் அடுத்த விடுமுறைக்குள் வேறு பெயர்ப் பலகை மாட்டிக்கொள்வார்கள் என்பது இன்னொன்று. என்ன செய்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், எந்தப் பலகையோடு வந்தாலும் உங்களுக்கு ஆளைத் தெரிந்துவிடும்.

நான் கணக்குத் தணிக்கை செய்கிறவன். ஊரார் ரசீதுகளில் ஒட்டுப்போட்ட இடத்தைக் கண்டுபிடித்துக் கூலி வாங்குகிறவன். அந்த விளம்பரத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் பக்கத்தில் நின்ற மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே படித்தேன், அங்கேதான் சறுக்கினேன்.

அறுவை அரங்கில் நேரடி அனுபவம், நோயாளிகளைத் தாமே பரிசோதிக்கும் வாய்ப்பு, 80 மணி நேரத்துக்கான சான்றிதழ், மூத்த மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் என்று அதில் வரிசையாக இருந்தது. நிறுவனத்தின் பெயர் புகழ்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரோடு ஒட்டிப் பிறந்ததுபோல் இருந்தது. வகுப்புகளும் அந்த வளாகத்திலேயே நடக்கும் என்றார்கள். நடக்கத்தான் நடந்தன. விடுமுறையில் காலியாகக் கிடக்கும் அரங்குகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுவது பல பல்கலைக்கழகங்களில் வழக்கம் என்பதும், வாடகைக்கு எடுத்தவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கதவுச் சாவியைத் தவிர வேறு உறவு இருக்கத் தேவையில்லை என்பதும் பிறகுதான் எனக்கு உறைத்தது.

‘தேர்வு’ வீடியோ அழைப்பில் ஏழு நிமிடம் நடந்தது. ஏன் மருத்துவராக விரும்புகிறாய் என்று கேட்டார்கள். மறுநாளே, ஏராளமான விண்ணப்பங்களிலிருந்து அவளைத் தேர்ந்தெடுத்ததாகக் கடிதம் வந்தது. அவளுடைய வகுப்புத் தோழன் ஒருவன் விண்ணப்பத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு விளையாடப் போய்விட்டவன். அவனுக்கும் அதே கடிதம் வந்திருந்தது. “அப்பா, அவன் அனுப்பவே இல்லையே” என்றாள் மகள். “ஏதாவது குளறுபடியாக இருக்கும் அம்மா” என்று அவர்களுக்காக நான் வாதாடினேன். அன்று மாலை, மூன்று இடங்கள்தான் மீதி என்று தொலைபேசியில் அழைத்தார்கள். கட்டிவிட்டேன். பயிற்சி தொடங்கிய பின் கட்டணம் திருப்பித் தரப்படாது என்ற வரி கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. மற்றவர்களின் ஒப்பந்தங்களில் நான் முதலில் திருப்பிப் பார்க்கும் பக்கம் அதுதான்.

முதல் நாள், வருகைப் பதிவுக்கு முன்பே வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். உறையிலிருந்து எடுத்த மடிப்புக் கோடுகள்கூடப் பிரியாத கோட்டு. சட்டைப் பையின் மேல் ‘பயிற்சி மருத்துவர்’ என்ற அட்டை. காலை முழுவதும் புகைப்படம் எடுத்தார்கள்: கோட்டோடு, ஸ்டெதஸ்கோப்போடு, கையைக் கட்டிக்கொண்டு, நுண்ணோக்கியில் குனிந்துகொண்டு. நுண்ணோக்கியில் கண்ணாடித்தகடே வைக்கவில்லை என்று மகள் வந்து சொன்னாள். எங்களிடம் கையெழுத்து வாங்கிய ஒரே படிவம் அந்தப் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த அனுமதிக்கும் படிவம். நோயாளிகளைப் பற்றி வெளியே பேசமாட்டேன் என்ற உறுதிமொழி கேட்கவில்லை. தடுப்பூசி போட்டிருக்கிறாளா என்று கேட்கவில்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாத ஒருவரை, அந்தத் தொற்று உள்ள நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால் தொற்று வரும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகும். மூன்று தவணையாக, ஆறு மாதத்தில் போட்டு முடிக்கும் தடுப்பூசி அது. பிள்ளைகளை வார்டுக்குள் அனுப்பப்போகிறவர்களுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த நான்கு நாட்கள் அரங்கில் உட்காரவைத்துத் திரையில் வீடியோ காட்டினார்கள். அறுவை அரங்கின் ‘நேரடி அனுபவம்’ அதுதான். தையல் பயிற்சிக்கு மூன்று பேருக்கு ஒரு ரப்பர் திண்டு. முந்தைய குழுக்கள் குத்திய ஓட்டைகளால் அது சல்லடையாகி, நூல் எங்கே இழுத்தாலும் கிழிந்து வந்ததாம்.

ஆறாம் நாள் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். 28 பிள்ளைகள். கூட வந்தவர் மருத்துவர் அல்ல, ‘ஒருங்கிணைப்பாளர்’. வார்டில் ஆளுக்கொரு இரத்த அழுத்தக் கருவியைக் கொடுத்து, வரிசையாகப் படுக்கைகளைப் பிரித்துவிட்டார். மகளுக்குப் பதினொரு படுக்கைகள்.

அதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கைப்பட்டையில் காற்றடித்து இரத்த ஓட்டத்தை நிறுத்தி, பிறகு மெல்லத் தளர்த்தும்போது முழங்கை மடிப்பில் முதல் ‘டப்’ கேட்கும் இடம் மேல் எண். ஒலி அடங்கிப்போகும் இடம் கீழ் எண். ரஷ்ய மருத்துவர் நிக்கொலாய் கொரொட்கோவ் 1905இல் அறிவித்த முறை. இன்றும் அந்த ஒலிகளுக்கு அவர் பெயர்தான். ஆனால் நொடிக்கு இரண்டு, மூன்று அளவுதான் முள் இறங்க வேண்டும். கைக்குப் பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தம் அதிகமாகக் காட்டும். கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும், நோயாளி பேசக்கூடாது. இதில் ஒன்றையும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. வார்டில் சந்தைக்கடைச் சத்தம் வேறு. முதல் நோயாளியின் கையில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மகள் இரண்டு முறை முயன்றிருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை என்று ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லியிருக்கிறாள்.

“120/80 என்று எழுதிக்கொள். எல்லோருக்கும் ஏறக்குறைய அதுதான் இருக்கும்” என்றாராம் அவர்.

எழுதியிருக்கிறாள். பதினொரு பேருக்கும். ஏழாவது படுக்கையில் இருந்த முதியவர் கோட்டைப் பார்த்துவிட்டு, “டாக்டரம்மா, எனக்குக் குறைந்திருக்கிறதா?” என்று கேட்டிருக்கிறார். “சரியாக இருக்கிறது தாத்தா” என்று சொல்லியிருக்கிறாள். அவர் கும்பிட்டாராம்.

இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள். மூன்றாம் நாள் அவளுடைய குறிப்பேடு மேசையில் திறந்து கிடந்தது. பதினொரு வரி, பதினொரு 120/80. என் தொழிலில் ஒரே எண் அடுத்தடுத்துப் பதினொரு வரியில் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். கூப்பிட்டுக் கேட்டேன். அப்போதுதான் அழுதாள். “அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார் அப்பா. டாக்டர் அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிட்டால்?”

மறுநாள் காலை நிறுவனத்துக்குப் போனேன். அது வெறும் பயிற்சித் தாள், நோயாளியின் கோப்பில் ஏறாது என்றார்கள். அப்படியானால் அவள் பள்ளி மாணவி என்று நோயாளியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “கோட்டு போட்டிருந்தால்தான் சார் ஒத்துழைப்பார்கள்” என்றார் மேலாளர், ஏதோ தொழில் நுணுக்கத்தைச் சொல்லித்தருகிறவர்போல.

அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குப் போனேன். தலைமை நர்ஸ் நான் சொன்னதைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டார். பிள்ளைகள் வார்டைச் சுற்றிப் பார்க்க மட்டும்தான் அனுமதி கொடுத்திருந்தார்களாம். எந்தெந்தப் படுக்கைகள் என்று குறித்துக்கொண்டார். கோப்பில் எதுவும் ஏறவில்லை என்று பார்த்துச் சொன்னார். இருவர் வீடு திரும்பிவிட்டார்கள், மற்றவர்களுக்கு அப்போதே மறுபடி அளக்கச் சொன்னார். ஏழாம் படுக்கைப் பெரியவருக்கு என்ன அளவு வந்தது என்று கேட்டேன். “அதை உங்களிடம் சொல்லக்கூடாது” என்றார். அந்த இரண்டு வாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் சரியான பதில் அது.

மீதி நாட்களுக்கு மகளை அனுப்பவில்லை. ஆனாலும் சான்றிதழ் வீடு தேடி வந்தது, 80 மணி நேரம் என்று. அவளுடைய நாட்குறிப்பின்படி, புகைப்படம் எடுத்த நேரத்தையும் சேர்த்தால் 31. பரிந்துரைக் கடிதமும் வந்தது. ‘இம்மாணவன் அறுவை அரங்கில் காட்டிய நிதானம்’ பற்றி, அவளைப் பார்த்தே இராத ஒரு மருத்துவர் கையெழுத்திட்டிருந்தார்.

அதோடு முடியவில்லை. இன்னொரு கட்டணம் கட்டினால் மகளின் பெயரில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டுத் தருவதாக மின்னஞ்சல். ‘மாணவர்கள் திரட்டிய இரத்த அழுத்தத் தரவுகளின் அடிப்படையில்.’ அந்தப் பதினொரு வரிகளைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அவர்களுடைய சம்மதம் வேண்டும் என்று உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி அறிக்கை 1964இலேயே சொல்லிவிட்டது. ஆய்வுத் திட்டத்தைத் தனிக் குழு பரிசீலிக்க வேண்டும் என்பதை 1975 திருத்தம் சேர்த்தது. இவர்களிடம் குழுவும் இல்லை, சம்மதமும் இல்லை, ஏன், தரவே இல்லை. ஆனாலும் வெளியிட இதழ் கிடைத்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. போலந்து ஆய்வாளர்கள் சிலர், போலியான தகுதிகளோடு அன்னா ஓ. ஷுஸ்ட் என்று இல்லாத ஒரு பெண்ணை உருவாக்கி, 360 இதழ்களுக்கு ஆசிரியர் பொறுப்பு கேட்டு விண்ணப்பித்தார்கள். 48 இதழ்கள் அவரைச் சேர்த்துக்கொண்டன. 2017இல் ‘நேச்சர்’ இதழில் அதை எழுதினார்கள். போலிஷ் மொழியில் ‘ஓஷுஸ்ட்’ என்றால் ஏமாற்றுக்காரர் என்று பொருளாம். பெயரிலேயே சொல்லியும் 48 பேர் கவனிக்கவில்லை. நான் எந்த முகத்தோடு அவர்களைப் பார்த்துச் சிரிப்பது?

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, சின்ன எழுத்து வரியைப் பெரிய எழுத்தில் அனுப்பினார்கள். பிறகு, புகாரைத் திரும்பப் பெறாவிட்டால் சான்றிதழை ரத்து செய்வோம் என்றார்கள். ரத்து செய்யும்படி நானே எழுத்தில் கேட்டிருக்கிறேன். இன்னும் செய்யவில்லை.

இதற்குப் பிறகு மகள் தானாகவே வேறொரு மருத்துவமனையில் தன்னார்வலராகச் சேர்ந்தாள். கட்டணம் கிடையாது. ஆனால் நுழைவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. தடுப்பூசிச் சான்று, காசநோய்ப் பரிசோதனை, பெற்றோர் ஒப்புதல், நோயாளியின் பெயரைக்கூட வெளியே சொல்லமாட்டேன் என்ற உறுதிமொழி. முதல் வகுப்பே கை கழுவுவதுதான்: சோப்பு போட்டு 40 முதல் 60 விநாடி, விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி என்று முறை வைத்து. வயது போதாது என்று அறுவை அரங்கின் பக்கமே விடவில்லை. சக்கர நாற்காலி தள்ளினாள், படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தாள், தண்ணீர் பிடித்து வைத்தாள். பெயர் அட்டையில் ‘தன்னார்வலர், மாணவி’ என்று கொட்டை எழுத்து. மருத்துவர் ஒருவர் நோயாளியைப் பார்க்கும்போது பின்னால் நிற்க அனுமதித்தார், ஒவ்வொரு முறையும் “இந்தப் பெண் பள்ளி மாணவி, இருக்கலாமா?” என்று நோயாளியைக் கேட்டுவிட்டுத்தான். ஒரு பெண்மணி வேண்டாம் என்றார். இவள் வெளியே வந்து நின்றாள். அதை வீட்டில் வந்து எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் தெரியுமா!

ஆகவே, விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகளே, பெற்றோரே: நோயாளியைத் தொடவிடுவோம் என்று எவர் சொன்னாலும் அங்கேயே நில்லுங்கள். பள்ளிப் பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்லும் இடம்தான் நல்ல இடம். ‘எந்த மருத்துவமனை, அங்கே பொறுப்பாளர் யார்’ என்று கேளுங்கள், பிறகு நிறுவனம் தரும் எண்ணை விட்டுவிட்டு மருத்துவமனையின் பொது எண்ணிலேயே அழைத்து விசாரியுங்கள். நான் அந்த ஒரு அழைப்பைச் செய்திருந்தால் போதும். கையால் எதையாவது செய்துதான் ஆகவேண்டும் என்று பிள்ளை துடித்தால், செஞ்சிலுவைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ நடத்தும் முதலுதவி வகுப்புக்கு அனுப்புங்கள். பொம்மையின் மார்பை 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தவைப்பார்கள். இரண்டே நிமிடத்தில் வியர்த்துவிடும். பொம்மைக்கு வலிக்காது.

அந்த மருத்துவமனையில் ஒரு நர்ஸ், தன் ஓய்வு நேரத்தில், மகளுக்கு இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். தன் கையையே நீட்டி, கேட்கும்வரை திரும்பத் திரும்ப. சென்ற ஞாயிறு என்னை நாற்காலியில் உட்காரவைத்தாள். பாதம் தரையில் படட்டும் என்றாள். ஐந்து நிமிடம் வாய் திறக்கக்கூடாது என்றாள். பட்டையைச் சுற்றி, கையை மேசைமேல் தூக்கிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் சொல்லாமல் சிறிது நேரம் காத்திருந்து மறுபடியும் அளந்தாள். குறிப்பேட்டில் முதலில் 148/94, அடுத்து 144/92 என்று எழுதினாள்.

“சரியாக இருக்கிறதா?” என்று கேட்டேன்.

“அதை நான் சொல்லக்கூடாது. நாளைக்கே டாக்டரைப் பாருங்கள் அப்பா” என்றாள்.

வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.