காலையில் ஓடுபாதை தெரியுமா? தொகுப்புக் கணிப்போடு சில குளிர்காலங்கள்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் கங்கைச் சமவெளியின் விமானப்படைத் தளங்களில் வானிலை அதிகாரியிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: காலையில் ஓடுபாதை தெரியுமா? பல குளிர்காலங்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். நிகழ்தகவு தரும் தொகுப்புக் கணிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஒரே கணினி மாதிரியைப் பலமுறை ஓட்டுவதுதான் தொகுப்புக் கணிப்பு. ஒவ்வொரு ஓட்டமும் ஓர் உறுப்பு. ஐரோப்பாவின் வானிலைக் கணிப்பு மையமும் அமெரிக்காவின் மையமும் 1992இல் இதை அன்றாடப் பணியாக்கின. நம் நாட்டில் நொய்டாவிலுள்ள தேசிய வானிலைக் கணிப்பு மையம் 2018 முதல் 23 உறுப்புகளோடு நடத்துகிறது. 23இல் 7 உறுப்புகள் மூடுபனி என்றால், வாய்ப்பு 30 சதவீதம்.

அந்த 30 சரியா என்பதை ஒரு காலையை வைத்துச் சொல்லவே முடியாது. 30 என்று வந்த காலைகளை எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்துக்கு மூன்றில் மூடுபனி இறங்கியிருந்தால் எண் நேர்மையானது. இதற்காகவே தடித்த அட்டை போட்ட பதிவேடு ஒன்று வைத்திருந்தோம். இடப்பக்கம் முந்தைய மாலையின் சதவீதம். வலப்பக்கம் ஐந்து மணி முதல் ஒன்பது வரை பதிவான மிகக் குறைந்த பார்வைத் தூரம். ஆயிரம் மீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு மை. மாத முடிவில் பிரையர் மதிப்பெண் போடுவோம். சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியின் வர்க்கச் சராசரி; 1950இல் வந்த எளிய கணக்கு அது. ஆனால் அதைத் தனியே பார்த்தால் ஏமாற்றும். தினமும் பருவத்தின் சராசரி வாய்ப்பையே எழுதிவைப்பவரை விட எவ்வளவு மேல் என்று ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

மேல்காற்றுக்கு இந்தக் கணிப்பு மிக நன்றாகவே உதவியது. உறுப்புகள் சிதறிய நாட்களில் பிழையும் பெரிதாக இருந்தது. எச்சரிக்கையாக இருக்க அதுவே போதும். மூடுபனியில்தான் கணிப்புக்கு அளவுமீறிய தன்னம்பிக்கை. எல்லா உறுப்புகளும் ஒன்றாகத் தலையாட்டும், அல்லது ஒன்றாக மறுக்கும். 90 என்று சொன்ன காலைகளில் பல தெளிவாகவே விடிந்தன. காரணம் புரியக்கூடியதே: மண்ணின் ஈரம், தரையோரக் காற்று பற்றிய அனுமானங்கள் எல்லா உறுப்புகளுக்கும் ஒன்றுதான். மூடுபனியோ சில பத்து மீட்டர் உயரத்துக்குள் நடக்கும் சங்கதி. மேற்கத்திய இடையூறு, அதாவது குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் மழை அமைப்பு, பெய்து விலகிய இரவில், பத்து மணிக்கே சக்கர உறைகளில் பனித்துளி கோத்திருந்தால், திரையில் 20 இருந்தாலும் நான் 20 என்று சொல்லமாட்டேன்.

படைப் பணியில் இன்னொன்றும் உண்டு. அதே 30, பயிற்சிப் பறப்பை நிறுத்தப் போதுமான காரணம். எரிபொருள் குறைந்த நிலையில் இளம் விமானியை வேறு தளம் தேட வைக்கும் ஆபத்தோடு ஒப்பிட்டால், ரத்தால் வரும் இழப்பு சிறிது. நோயாளியை ஏற்றிவர வேண்டுமானால் 60லும் கிளம்பலாம், மாற்றுத் தளம் திறந்திருந்தால். லடாக்கின் லே போகும் சரக்கு விமானத்துக்குப் பனி விலகும்வரை காத்திருக்கும் வசதியே இல்லை. அந்த உயரத்தில் பிற்பகலில் காற்று வலுத்துவிடும். எனவே தளபதிக்கு எண்ணை மட்டும் தராமல், அந்த எண் எங்கள் தளத்தில் இதுவரை எப்படி நடந்துகொண்டது என்பதையும் சேர்த்தே எழுதினேன். "போகலாமா, கூடாதா, ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டவர்களும் நாளடைவில் அந்த இரண்டாவது வரியைத்தான் முதலில் படித்தார்கள்.

இரண்டு பருவங்களின் பதிவேடாவது இல்லாத தளத்தில் இந்தச் சதவீதத்தை நான் தளபதியின் மேசைக்கு அனுப்பமாட்டேன். அங்கே பனிநிலையையும் (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) காற்றையும் பார்த்துப் பழைய முறையிலேயே சொல்வேன்.