சீமைக் கருவேலம்: வேரோடு பிடுங்குவதா, வெட்டிக் கரியாக்குவதா, பூச்சியை விடுவதா?

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களின் பல கண்மாய்களில், கரைமேல் ஏறி நின்றாலும் நீர்ப்பிடிப்பு எங்கே முடிகிறது, தரிசு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத அளவுக்குச் சீமைக் கருவேலம் மூடிக் கிடக்கிறது. அதைக் குறைக்க வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எந்த வழியில் என்பதில்தான் ஊருக்கு ஊர் பேச்சு மாறுகிறது. பொக்லைன் வைத்துத் தூரோடு பிடுங்குவது, வெட்டிக் கரி மூட்டம் போட்டுப் பயன்படுத்திக்கொண்டே கட்டுக்குள் வைப்பது, வெளிநாடுகளில் செய்தது போல அதன் இயற்கை எதிரிகளான பூச்சிகளைக் கொண்டுவந்து விடுவது என்று மூன்று வழிகள் முன்வைக்கப்படுகின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மரத்தை வைத்து அல்ல, நிலத்தின் அடுத்த பயன்பாட்டை வைத்தே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தப் பயன்பாடு முடிவாகாத நிலத்தில் எந்த வழியும் பலிக்காது.

இந்த மரம் தானாக வந்து சேரவில்லை. நடு அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவற்றுக்கு உரிய இது, 1877-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விறகுத் தேவைக்காக நடப்பட்டது. குஜராத்தின் கச்சுப் பகுதியில் உப்பு நிலம் பரவுவதைத் தடுக்க 1961 முதல் வனத்துறை நட்டது. அங்குள்ள பன்னி என்ற புல்வெளியின் பெரும்பகுதியை அது பிடித்துக்கொண்டு, மால்தாரி மேய்ப்பர்களின் மேய்ச்சலைச் சுருக்கிவிட்டது. எந்தக் குணங்களுக்காக இதைத் தேர்ந்தெடுத்தார்களோ, அவையே இன்று தலைவலி. வறட்சியும் உவர் மண்ணும் இதற்குப் பொருட்டல்ல. இலையை ஆடுமாடுகள் சீண்டுவதில்லை என்றாலும் இனிப்பான நெற்றை விரும்பித் தின்கின்றன. கடினமான விதையுறை அவற்றின் வயிற்றில் இளகி, சாணத்தோடும் புழுக்கையோடும் விதை புதிய இடத்தில் எருவுடன் விழுகிறது. தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குள்ளேயே உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. தரைமட்டத்தில் வெட்டினால் ஒரு தண்டு நின்ற இடத்தில் ஐந்தாறு தண்டுகள் கிளம்புவதற்கு இதுவே காரணம்.

முதல் வழியான தூரோடு பிடுங்குதலை இந்த மொட்டுகளை வைத்தே மதிப்பிட வேண்டும். ஆழத்தில் ஓடும் ஆணிவேர் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. மொட்டுகள் உள்ள மேற்பகுதியை, ஏறத்தாழ ஓர் அடி ஆழம் வரை, முழுதாக வெளியே எடுத்தால் போதும். பொக்லைனின் கொத்து அடிமரத்துக்குப் பக்கவாட்டில் இறங்கித் தூரைக் கீழிருந்து நெம்ப வேண்டும். மாறாக, நேரத்தை மிச்சப்படுத்த மரத்தைத் தள்ளி முறித்தால், பிளந்த தூர் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். ஐப்பசி மழை பெய்ததும் அதே இடத்தில் பச்சைக் குருத்து தலைகாட்டும். ஏலத்தில் மரம் எடுத்தவர்கள் விலைபோகும் விறகை மட்டும் வெட்டி ஏற்றிக்கொண்டு, தூரை விட்டுச் சென்ற கண்மாய்கள் எத்தனையோ. அத்தகைய ஏலத்தால் ஊருக்குக் கொஞ்சம் பணம் கிடைத்திருக்கலாம். கண்மாய்க்கு முன்னைவிட அடர்ந்த புதர்தான் கிடைத்தது.

சரியாகப் பிடுங்கினாலும் வேலை அத்தோடு முடிவதில்லை. மண்ணில் கிடக்கும் விதைகள் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். மண்ணைக் கிளறியதே அவை முளைக்க வசதியாகிவிடுகிறது. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும், மண் ஈரமாக இருக்கும்போதே, விரல் தடிமன்கூட ஆகாத கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். முதல் மூன்று ஆண்டுகள் இதை விடாமல் செய்தால் அடுத்து வரும் ஆண்டுகளில் வேலை மிகவும் குறையும். இயந்திர வாடகைக்குப் பணம் ஒதுக்குவோர் இந்தக் கன்று பிடுங்கும் கூலிக்கு ஒதுக்குவதில்லை என்பதே இந்த வழியின் உண்மையான பலவீனம். இதற்கு ஊரக வேலை உறுதித் திட்டம் போன்ற ஏற்பாடுகள் இயந்திரத்தைவிடப் பொருத்தமானவை.

இரண்டாவது வழியான கரித் தொழிலை இழிவாகப் பேசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. வானம் பார்த்த பூமியில் விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்த மரம்தான். கவைக்கம்பால் முள்கிளையை விலக்கிப் பிடித்து அரிவாளால் அடியில் வெட்டுவதில் தொடங்கி, கட்டைகளைத் தடிமன் பார்த்துக் கூம்பாக அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, ஈர மண் பூசி, துளைவிட்டுத் தீ வைத்து, புகையின் நிறம் மாறுவதைப் பார்த்துத் துளைகளை அடைப்பது வரை எல்லாமே பழகிய கையும் கண்ணும் செய்யும் வேலை. மூட்டம் வேகும் நாட்களில் இரவிலும் ஒருவர் காவல் இருக்க வேண்டும். ஓர் இடத்தில் மண் விரிந்து காற்றுப் புகுந்தாலும் கட்டை கரியாகாமல் சாம்பலாகிவிடும். அந்தப் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போரின் நுரையீரலுக்கு நேரும் கேட்டையும் இந்தக் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆனால், பயன்படுத்துவதாலேயே மரம் ஒழிந்துவிடும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி மறுபடி துளிர்க்க விடுவது இந்தத் தொழிலின் உயிர்நாடி. அதாவது, மரம் நிலைத்திருப்பதில்தான் வருமானம் இருக்கிறது. வெட்டு பரவலை ஓரளவு தடுக்கலாம், அதுவும் நெற்று முற்றுமுன் வெட்டினால் மட்டுமே. எனவே, ஆற்று நீரும் கண்மாய் நீரும் எட்டாத பட்டாத் தரிசுகளில், மாற்றுப் பயிருக்கு உரிமையாளர் தயாராகும் வரை, கரிக்காக வைத்துக்கொள்வது நியாயமான இடைக்கால ஏற்பாடு. கண்மாய்க்குள் அதற்கு இடமில்லை. அங்கே கரித் தொழிலாளர்களின் திறமையை வேறு விதமாகப் பயன்படுத்தலாம்: தூரிலிருந்தும் கரி கிடைக்கும் என்பதால், தூரோடு எடுத்தால் மட்டுமே மரம் சொந்தம் என்று ஏல நிபந்தனையை மாற்றினால், ஊருக்கு வேண்டிய வேலையும் அவர்களின் பிழைப்பும் ஒன்றாக நடக்கும்.

மூன்றாவது வழியை விரைவாகவே சொல்லிவிடலாம். தென்னாப்பிரிக்காவில் 1987 முதல் விதையைத் துளைத்துத் தின்னும் வண்டுகள் விடப்பட்டன. நெற்று கால்நடைகளுக்குத் தீவனம் என்பதால், மரத்தையே தாக்கும் பூச்சிகளைத் தவிர்த்து விதையைத் தின்பவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். பல இடங்களில் வண்டு முட்டையிடுமுன் ஆடுமாடுகள் நெற்றைத் தின்றுவிட்டதால், எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 1990களின் இறுதியில் இலையைத் தாக்கும் ஒரு சிறு அந்துப்பூச்சி விடப்பட்டு, மேற்குப் பகுதியில் மரத்தின் வளர்ச்சியை நன்றாகவே தளர்த்தியது. ஆனால் மரத்தைக் கொல்லவில்லை. நம் கண்மாய்களில் மேய்ச்சல் எவ்வளவு நெருக்கமானது என்று தெரிந்தவர்களுக்கு, தென்னாப்பிரிக்கச் சிக்கல் இங்கே இன்னும் பெரிதாகும் என்பது புரியும். அதோடு, வன்னி மரம் இதற்கு நெருங்கிய உறவு. அதைத் தொடாத பூச்சி என்று உறுதியாகும் வரை இந்த வழியைத் திறக்கவே கூடாது.

இந்த மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது, இதன் கீழே நின்றால் மூச்சு முட்டும் என்றெல்லாம் கைப்பேசிச் செய்திகள் சுற்றுகின்றன. இவற்றுக்கு ஆதாரம் இல்லை. கண்மாயின் கொள்ளளவை அடைப்பது, புல்லை அழிப்பது, ஆழத்து நீரை எடுப்பது, காலில் ஏறிய முள் சீழ் வைப்பது ஆகிய உண்மைக் குறைகளே போதுமானவை. அச்சத்தில் தொடங்கும் வேலை, எல்லா இடத்திலும் எல்லாவற்றையும் உடனே பிடுங்கு என்ற அவசரத்தில் முடிகிறது. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுகளால் மாவட்டங்கள்தோறும் வேகமாக நடந்த அகற்றம், சூழல் பாதிப்பை ஆராய வேண்டும் என்ற வழக்கால் அதே ஆண்டில் இடைக்காலமாக நிறுத்தப்பட்டது. 2022-இல் தமிழக அரசு வெளியிட்ட அயல் ஊடுருவல் தாவரங்கள் குறித்த கொள்கை, அகற்றுவதோடு நிலத்தை மீட்டெடுப்பதையும் சேர்த்துப் பேசுவதால், அதை நல்ல தொடக்கமாகக் கருதுகிறேன்.

ஆகவே என் வரிசை இதுதான். கண்மாய், வரத்துக் கால்வாய், கோடியக்கரை போன்ற வெளிமான் வாழும் புல்வெளி ஆகியவற்றில் தூரோடு பிடுங்குவதே வழி. கோடியக்கரையில் மான்களே நெற்றைத் தின்று விதை பரப்புவதால் தாமதம் கூடாது. உவர் தரிசில், புங்கனோ வேம்போ உகாயோ பிடித்து நிற்கும் வரை துண்டு துண்டாக மட்டுமே அகற்ற வேண்டும். ஒரே வீச்சில் வெறுமையாக்கினால் மேல்மண் காற்றில் போகும். காஞ்சிரங்குளம், சித்திரங்குடி போன்ற பறவைக் கண்மாய்களில் கூடு கட்டும் காலத்தில் இயந்திரம் இறங்கவே கூடாது. மற்ற மாதங்களில் இறங்குவதானாலும், மரம் அடையாளம் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் முன்னே நடந்து, விட்டுவைக்க வேண்டிய நாட்டுக் கருவேலத்துக்கும் உடைமரத்துக்கும் அடையாளமாகச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்த பிறகே பொக்லைன் கரையிறங்க வேண்டும்.