சாய் குங் மீன் தொட்டிகள்: எந்த மீனைக் கை காட்டுவது?

ஹாங்காங்கில் உயிர்மீன் சாப்பிட எங்கே போகலாம் என்று கேட்டால் சாய் குங், லேய் யூ முன், லாமா தீவு என்று வரிசையாகச் சொல்வார்கள். சமையலில் எந்த இடமும் சோடை போகாது. இந்த விமர்சனம் சாய் குங் கடலோரத் தெருவைப் பற்றியது. அதிலும் அடுப்பைவிடத் தொட்டியைத்தான் அதிகம் பேசப்போகிறது. உயிரோடு விற்கும் பவளப்பாறை மீன்களுக்கு உலகிலேயே முதன்மையான சந்தை ஹாங்காங். இங்கே ஒரு மீனை வலையில் அள்ளச் சொன்னால், அதன் இடத்துக்கு அடுத்த மீன் இந்தோனேசியாவிலிருந்தோ பிலிப்பைன்ஸிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வந்தாக வேண்டும். அது எப்படிப் பிடிபட்டது என்பதுதான் கேள்வி.

போவது எளிது. சோய் ஹுங் ரயில் நிலையத்திலிருந்து 1ஏ மினிபஸ், இல்லையென்றால் டயமண்ட் ஹில்லிலிருந்து 92ஆம் எண் பஸ். இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தால் தொட்டிகள் தெரியும்.

தொட்டியில் மாட்டிய பலகையில் ஒரு பெயரும் ஒரு விலையும் எழுதியிருக்கும். விலை கேட்டிக் கணக்கு. ஒரு கேட்டி 604.8 கிராம், கிலோ என்று நினைத்துக்கொண்டு பில்லைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். விலைக்குப் பதில் ‘அன்றைய விலை’ என்று மட்டும் இருந்தால், மீனைத் தண்ணீரிலிருந்து எடுப்பதற்கு முன்பே மொத்தம் எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். பையில் தண்ணீரோடு நிறுக்க விடாதீர்கள். ஓட்டைக் கூடையில் நீரை வடித்துவிட்டு நிறுக்கச் சொல்லலாம், அது வழக்கத்தில் உள்ளதுதான். சில இடங்களில் மீன் ஒரு கடையில், சமையல் பக்கத்து உணவகத்தில். அப்போது சமையல் கூலி தனி. அது ஒரு தட்டுக்கா, எடைக்கா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரிய குறை இந்தப் பலகையில்தான் இருக்கிறது. பெயரும் விலையும் உண்டு. எந்த நாட்டு மீன், கடலில் பிடித்ததா வளர்த்ததா என்பது பெரும்பாலும் இருக்காது. இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூ டபிள்யூ எஃப்-இன் ஹாங்காங் கிளை 2007 முதல் கடலுணவு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு வருகிறது. பச்சை என்றால் வாங்கலாம், மஞ்சள் என்றால் யோசியுங்கள், சிவப்பு என்றால் வேண்டாம். நல்ல கருவி, ஆனால் ஒரே மீன் ஊரையும் பிடித்த முறையையும் பொறுத்து வேறு வேறு நிறத்தில் வரும். அந்த இரண்டு விவரமும் பலகையில் இல்லாதபோது வழிகாட்டி பாதிக் கருவிதான். மீதிப் பாதியைக் கேள்வி கேட்டே வாங்க வேண்டும். ‘யே சாங்?’ என்றால் கடலில் பிடித்ததா, ‘யோங் சிக்?’ என்றால் வளர்த்ததா. இந்த இரண்டு கான்டனீஸ் சொல் போதும். பதில் தயங்காமல் வரும் கடையில் வாங்குங்கள்.

தொட்டியில் இருப்பவற்றில் பெரும்பான்மை நம் ஊரில் களவா என்று சொல்லும் குடும்பம். களவா மெதுவாக முதிர்கிற மீன். பல இனங்களில் முதலில் பெண்ணாக இருந்து, பெரிதான பிறகு ஆணாக மாறும். தட்டுக்குப் பொருந்தும் 600 கிராம் முதல் ஒரு கிலோ வரையிலான அளவைத்தான் சந்தை கேட்கிறது. பெரிய இனங்களில் அந்த எடை என்பது இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாத குஞ்சு. இன்னொரு பக்கம், இனப்பெருக்கத்துக்காகக் குறிப்பிட்ட மாதங்களில், குறிப்பிட்ட பிறை நாட்களில், ஒரே பாறை முனையில் நூற்றுக்கணக்கில் கூடும் பழக்கமும் இவற்றுக்கு உண்டு. அந்த இடம் வியாபாரிக்குத் தெரிந்துவிட்டால் சில பருவங்களிலேயே கூட்டம் காலியாகிவிடும். பசிபிக் தீவு நாடான பலாவு இதை அறிந்து, 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏப்ரல் முதல் ஜூலை வரை களவா பிடிக்கத் தடை போட்டது.

இனி மீன் வாரியாக.

சோ மேய் என்ற நெப்போலியன் மீன் (இது களவா குடும்பம் அல்ல). நெற்றியில் புடைப்பு, தடித்த உதடு, கண்ணிலிருந்து பின்னோக்கி ஓடும் இரண்டு கருங்கோடுகள். வாங்கக் கூடாது. வளர்ந்தால் இரண்டு மீட்டரைத் தொடும் மீன் இது. தொட்டியில் இருப்பது சிறுவன். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 2004இல் சேர்ந்தது. ‘இது பண்ணை மீன்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வணிக அளவில் இதைக் குஞ்சு பொரித்து வளர்க்க முடிந்ததில்லை. கடலில் பிடித்த குட்டியைக் கூண்டில் போட்டுப் பருக்க வைத்திருப்பார்கள். உயிரோடு விற்கும் கடைக்கு வைத்திருப்பு உரிமம் வேண்டும். மீறினால் 2018 முதல் உச்ச தண்டனை ஒரு கோடி ஹாங்காங் டாலர் அபராதமும் பத்தாண்டுச் சிறையும். உரிமம் பெற்ற மீனை விற்றுவிட்டு அதே உரிமத்தில் கடத்தல் மீனை வைப்பது பழைய தந்திரம். அதை உடைக்க ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள்: இந்த மீனின் முகக் கோடுகள் கைரேகை போல ஒன்றுக்கொன்று வேறுபடும், புகைப்படத்தை ஒப்பிட்டே மீன் மாறிவிட்டதா என்று சொல்லிவிடலாம்.

துங் சிங் பான்தான் இந்தத் தெருவின் நாயகன். செந்நிற உடல் முழுக்க ஊசிமுனை போன்ற நீலப் புள்ளிகள், கண்ணைச் சுற்றி நீல வளையம். திருமண விருந்துக்கு இதைத்தான் கேட்பார்கள். சிவப்பு கூடினால் விலையும் கூடும். கடைகளில் தொங்கும் சிவப்பு விளக்கு எல்லா மீனையும் ஒரு படி சிவப்பாக்கிக் காட்டும் என்பதால், வலையில் எடுத்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஊர்தான் இதில் எல்லாம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மீன் என்றால் தைரியமாக வாங்கலாம். தாய்க்கப்பலிலிருந்து சிறு படகில் போய்த் தூண்டிலில் பிடிக்கிறார்கள். 38 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடலில் விட வேண்டும். அக்டோபர், நவம்பர் அமாவாசையை ஒட்டிப் பிடிக்கத் தடை. 2004 முதல் பிடிப்புக்கு உச்சவரம்பு. அதே ஆண்டில் பெருந்தடுப்புப் பவளத்திட்டுப் பூங்காவில் மூன்றில் ஒரு பங்கை மீன்பிடிக்கே மூடினார்கள். 38 சென்டிமீட்டர் என்பது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, எடையில் ஏறக்குறைய முக்கால் கிலோ. அதைவிட நன்றாகச் சிறிய மீனைக் காட்டி ‘ஆஸ்திரேலியா’ என்று சொன்னால் அந்தக் கணக்கு இடிக்கிறது.

இந்தோனேசிய, பிலிப்பைன்ஸ் கடல் மீன் என்றால் தயங்க வேண்டும், காரணம் சயனைடு. முக்குளிப்பவர் சோடியம் சயனைடு மாத்திரையைக் கடல்நீரில் கரைத்து, பிளாஸ்டிக் புட்டியால் பாறை இடுக்கில் பீய்ச்சுவார். மீன் மயங்கும், இடுக்கிலேயே செருகிக்கொண்டால் பவளத்தை உடைத்து எடுப்பார். பவளத்துக்குள் வாழும் பாசி செத்தால் பவளமும் வெளுத்துச் சாகும். பிலிப்பைன்ஸில் 1960களில் அலங்கார மீனுக்காகத் தொடங்கிய முறை இது, பிறகு உணவு மீனுக்கும் வந்தது. சட்டவிரோதம்தான். ஆனால் தொட்டியில் நிற்கும் மீனைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது: விஷம் உடலுக்குள் விரைவாக வேறு பொருளாக மாறிவிடும், மீனும் தெளிந்துவிடும். ‘சயனைடு மீனின் கண் மங்கலாக இருக்கும்’ என்ற பேச்சை விட்டுத்தள்ளுங்கள்.

புள்ளி கொஞ்சம் பெரிதாக நெருங்கி, வால் சதுரமாக, வால் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு இருந்தால் அது சாய் சிங். துங் சிங்கைவிட மலிவு. கூட்டம் கூடும் இடத்தில் எளிதாக வாரப்படும் இனம் இது, தவிர்ப்பது மேல்.

லோ ஃபூ பான் என்ற புலிக் களவாவும், வெள்ளை உடலில் கறுப்புப் பொட்டு வைத்த லோ சூ பானும் கேட்டு வாங்க வேண்டியவை. இரண்டையும் பொரிப்பகத்தில் பெருக்கத் தெரியும். பாலித் தீவின் கொண்டோல் ஆராய்ச்சி நிலையமும் தைவான் பொரிப்பகங்களும் இதில் முன்னோடிகள். வளர்ப்பு என்றால் சரி. கடலில் பிடித்தது என்றால் வேண்டாம்.

நாங்கள் கை காட்டச் சொல்வது ‘சபா லுங் தான்’ என்ற மீனை. புலிக் களவாப் பெண்ணையும் ராட்சதக் களவா ஆணையும் கலந்து மலேசியாவின் சபா மாநிலத்தில் உருவாக்கிய கலப்பினம். முட்டையிலிருந்தே பண்ணையில் பிறப்பதால் இதற்காகப் பாறையிலிருந்து ஒரு குஞ்சும் போகாது. வேகமாக வளரும், விலையும் துங் சிங்கைவிட வெகு குறைவு. குறை இல்லாமல் இல்லை. சிறுமீனை அரைத்துப் போட்டு வளர்த்தால், ஒரு கிலோ களவாவுக்குப் பல கிலோ சிறுமீன் செலவு; உருண்டைத் தீவனம் போடும் பண்ணை தேவலை. இன்னொன்று, புண்ணியத்துக்கு மீன் விடுகிறோம் என்று பக்தர்கள் இதைக் கடலில் விட, இயற்கையில் இல்லாத இந்த மீன் இப்போது ஹாங்காங் கடலிலேயே திரிகிறது. அந்தப் புண்ணியம் யார் கணக்கில் சேருமோ!

உள்ளூர்க் கூண்டில் வளர்த்த சிங் பான் (பச்சைக் களவா) கிடைத்தால் அதுவும் நல்லது. ஹாங்காங் வேளாண், மீன்வள, இயற்கைப் பாதுகாப்புத் துறை 2005இல் தொடங்கிய அங்கீகாரத் திட்டத்தில் சேர்ந்த பண்ணை என்றால் மீன் மீதே அடையாளச் சீட்டு இருக்கும். எங்கிருந்து வந்தது என்பதை மீனே சொல்லும் ஒரே ஏற்பாடு இந்தத் தெருவில் அதுதான்.

இனம் முடிவானபின் தனி மீனைப் பாருங்கள். செவுள் சீராக அசைய வேண்டும், மீன் நேராக நிற்க வேண்டும். தலைகீழாகவோ வால் மேலே தூக்கியோ மிதந்தால், ஆழத்திலிருந்து சட்டென்று இழுத்ததில் காற்றுப்பை ஊதிப்போயிருக்கலாம். அது இரவைத் தாண்டாது. செத்த மீனுக்கு உயிர்மீன் விலை கொடுக்காதீர்கள். தொட்டித் தண்ணீரில் நுரை படிந்து நின்றாலும், நாற்றம் வந்தாலும் அடுத்த கடை. சட்டப்படி தொட்டித் தண்ணீரில் 100 மில்லிலிட்டருக்கு ஈ.கோலை 610க்குக் கீழே இருக்க வேண்டும்.

பெரிய மீனுக்கு ஆசைப்பட வேண்டாம். பாறை மீனின் உடலில் சிகுவாடெரா நஞ்சு சேர்கிறது. பாசியில் தொடங்கி, சின்ன மீன் வழியாகப் பெரிய மீனில் குவிவது. வேகவைத்தாலும் போகாது, மணத்திலும் தெரியாது. வாய், கை, கால் மரத்துப்போகும். குளிர்ந்தது சுடுவதுபோல் தோன்றும். ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட பாறை மீனைத் தவிர்க்கும்படி ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு மையம் சொல்கிறது. தலை, தோல், குடல், சினை இவற்றில் நஞ்சு கூடுதல் என்பதால் அவற்றையும் ஒதுக்கச் சொல்கிறது. மீன் தலைக்கு அடித்துக்கொள்ளும் நம் ஆட்களுக்கு இது கசப்பான செய்திதான். கூடவே மதுவும் வேர்க்கடலையும் வேண்டாம், அறிகுறியைக் கூட்டும்.

சமையலுக்கு வருவோம். துங் சிங், சிங் பான் இரண்டும் முழுதாக ஆவியில் வேக ஏற்றவை. முக்கால் கிலோ மீனுக்குத் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு வைத்து எட்டு முதல் ஒன்பது நிமிடம். தட்டில் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, இஞ்சியும் வெங்காயத் தாளும் பரப்பி, புகையும் எண்ணெயை ஊற்றி, கடைசியில் சோயா. முள்ளோரச் சதை முள்ளை விட்டு அப்போதுதான் பிரிய வேண்டும். தானாகக் கழன்று விழுந்தால் அதிகம் வெந்துவிட்டது. இந்தத் தெருவில் கூட்டமான ஞாயிறு மதியங்களில் நேர்வது அதுவே. சபா லுங் தானை முழுதாக ஆவியில் வைக்கச் சொல்லாதீர்கள். தோல் தடிமன், சதை சற்று முரடு. துண்டு போட்டு, சதையை இஞ்சியோடு வதக்கவும் எலும்பைச் சாறு காய்ச்சவும் சொன்னால், ஒரே மீனில் இரண்டு பதார்த்தம்.

களவாவே வேண்டாம் என்பவர்கள் படகுத்துறைக்கு நடக்கலாம். கீழே கட்டிய படகுகளில் மீனவர்கள் நின்றபடி, நீண்ட கழி வலையில் மீனை மேலே நீட்டி விற்கிறார்கள். பெரும்பாலும் அக்கம்பக்கக் கடலின் சின்ன மீன். காலையில் போனால் வகை அதிகம், அங்கேயே சுத்தம் செய்தும் தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு தெருவுக்குத் திரும்பினால், சமையல் கூலிக்குச் செய்துதரும் உணவகம் எது என்று படகுக்காரரிடமே கேட்டுவிடலாம்.