புதுத் தொழிலின் கணக்குக்கு க்னூகேஷ்: ஒரு வருட அனுபவம்

தொழில் தொடங்கிய புதிதில் மாதக் கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் ஒரு இணைய மென்பொருளில்தான் கணக்கு வைத்திருந்தேன். பத்து நிமிடத்தில் பதிவு செய்து, வங்கிக் கணக்கை இணைத்து, அன்றே பில் போட ஆரம்பித்துவிட்டேன். நான்காவது மாதம் லாபம் எவ்வளவு என்று பார்த்தால், நான் கைக்காசாகத் தொழிலில் போட்ட பணம் முழுவதும் விற்பனை வருமானத்தில் சேர்ந்திருந்தது. வங்கிக்கு வந்த ஒவ்வொரு தொகையையும் அது வருமானம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறது, எங்கிருந்து வந்த பணம் என்று ஒரு கேள்விகூட இல்லை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்த பிறகு க்னூகேஷுக்கு மாறினேன். இப்போது ஒரு வருடம் ஆகிறது, திருப்தியாக இருக்கிறேன்.

க்னூகேஷ் (GnuCash) இலவசமான, திறந்த மூலக் கணக்கு மென்பொருள். முதல் நிலையான பதிப்பு 1998இல் வந்தது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். கணக்குக் கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கும். தோற்றம் பழைய காலத்து மென்பொருள் போலத்தான் இருக்கும், இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

புதுக் கணக்குக் கோப்பு தொடங்கும்போது முதலில் எந்த நாணயம் என்று கேட்கும், அப்புறம் எந்த வகைக் கணக்குப் பட்டியல் வேண்டும் என்று கேட்கும். தொழிலுக்கான பட்டியலைத் தேர்ந்தெடுத்தால் கணக்குகள் கிளை கிளையாகப் பிரிந்த ஒரு நீண்ட மரம் வந்து நிற்கும். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். அடிப்படையில் ஐந்தே வகைதான்: சொத்து, கடன், மூலதனம், வருமானம், செலவு. உங்களுக்குத் தேவையில்லாத கிளைகளை அப்போதே நீக்கிவிடுங்கள், ஏனென்றால் செலவுக் கணக்கு நாற்பது இருந்தால் ஒரே மாதிரிச் செலவு இந்த மாதம் ஒன்றிலும் அடுத்த மாதம் இன்னொன்றிலும் போய் விழும், பிறகு எந்த அறிக்கையையும் நம்ப முடியாது.

உண்மையான வேலை தொடக்க இருப்பில்தான் இருக்கிறது. ஒரு தேதியை முடிவு செய்து, அன்று வங்கியில் எவ்வளவு, கையில் எவ்வளவு, யாருக்குத் தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்று முதலில் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தொழிலுக்கென்று வங்கிக் கணக்கு தொடங்குவதற்கு முன்பே சொந்தப் பணத்தில் வாங்கிய பொருட்களைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நான் வாங்கிய மடிக்கணினி அப்படித்தான் விடுபட்டிருந்தது. அது ஒரு பக்கம் சொத்து, மறுபக்கம் உங்கள் மூலதனம். தொழில் நடந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிற பணம் என்றால் மூலதனத்தில் போடாமல், தொழில் உங்களுக்குத் தர வேண்டிய கடன் என்று தனிக் கணக்கில் போடுங்கள். இந்த இரண்டையும் முதல் நாளே பிரித்து வைத்திருந்தால் எனக்கு நான்கு மாதக் கணக்கு கலங்கியிருக்காது.

இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் கண்டிப்பு. இரட்டைப் பதிவு முறை என்பதால் பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு பக்கமும் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கத்தை விட்டுவிட்டால் அந்தத் தொகையை இம்பேலன்ஸ் (சமன் ஆகாதது) என்ற கணக்கில் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிடும். வங்கி ஸ்டேட்மென்ட்டை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை) ஏற்றும்போதும் இதே கதைதான், அடையாளம் தெரியாத வரவு தானாக வருமானத்தில் போய்ச் சேராது. முன்பு நீங்கள் போட்ட பதிவுகளைப் பார்த்து எந்தக் கணக்கு என்று அதுவே பரிந்துரைக்கவும் செய்யும், ஆனால் முதல் சில வாரம் ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்தே ஒத்துக்கொள்ளுங்கள். டெபிட் (பற்று), கிரெடிட் (வரவு) என்ற சொற்களுக்குத் தயங்குகிறவர்கள் கவலைப்பட வேண்டாம், தொடக்கத்தில் வங்கிக் கணக்கில் போட்டது, எடுத்தது என்ற பொருளில்தான் தலைப்புகள் இருக்கும். கணக்காளருக்கு முறையான சொற்கள் வேண்டுமென்றால் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

இன்வாய்ஸ் போடுவதில் ஒன்றைக் கவனியுங்கள். இன்வாய்ஸைத் தயாரித்தால் மட்டும் போதாது, போஸ்ட் செய்தால்தான் கணக்கில் ஏறும். வாடிக்கையாளர் பணம் கொடுத்ததும் அதற்கென்று உள்ள பணம்பெறும் வழியிலேயே பதியுங்கள். வர வேண்டிய பாக்கிக் கணக்கில் நேராகக் கை வைத்து எழுதினால் எந்த இன்வாய்ஸுக்கு வந்த பணம் என்ற தொடர்பு அறுந்துவிடும்.

மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிடும் சாளரம் அருமை. வித்தியாசம் பூஜ்யம் ஆகும்வரை முடிக்க விடாது. இந்த வருடம் இரண்டு முறை, ஒரே செலவை இரண்டு தடவை பதிந்திருந்ததை அங்கேதான் பிடித்தேன்.

சம்பளக் கணக்கு போட இதில் தனிப் பகுதி கிடையாது, கணக்கிட்ட தொகையை நீங்களேதான் பதிய வேண்டும். ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் வேலை செய்யவும் முடியாது. நீங்கள் ஒரு பக்கம் பில் போட, கூட்டாளி இன்னொரு பக்கம் செலவு எழுத வேண்டிய தொழில் என்றால் இது சரிப்படாது, பல பேர் சேர்ந்து பயன்படுத்தக்கூடிய வேறு மென்பொருளைத் தேடுங்கள். தனியாக நடத்துகிறவர்கள் இதைத் தயங்காமல் எடுக்கலாம். கோப்பின் ஒரு நகலை மட்டும் வேறொரு டிஸ்கில் வாராவாரம் வைத்துக்கொள்ளுங்கள், மென்பொருள் தானாக எடுக்கும் நகல்கள் அதே ஃபோல்டரில்தான் இருக்கின்றன.